விற்றால்தான் காசா?

சுடுமண் ஜிமிக்கி, பட்டு நூல் வளையல், காகிதச் சுருள் தோடு, பனை ஓலைக் கூடை, துணிப் பொம்மை என்று வீட்டில் இருந்தபடியே ஏதாவது ஒன்றைச் செய்து விற்கும் பெண்கள் இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. மகளிர் குழுப் பயிற்சியில் கற்றவர்கள், யூடியூப் பார்த்துக் கற்றவர்கள், பாட்டி செய்வதைப் பார்த்தே கை பழகியவர்கள் என்று பல வகையினர். கை திருந்தி, அக்கம்பக்கத்தார் பாராட்டி, நாலு பேர் காசு கொடுத்து வாங்கிய பிறகு இவர்களில் பலர் ஏறும் அடுத்த படி உள்ளூர்க் கடையின் படிதான். ஃபேன்சி ஸ்டோர், வளையல் கடை, பிளவுஸ் தைக்கும் பொட்டிக், கோயில் வாசல் கடை, பரிசுப் பொருள் கடை என எங்கே போனாலும் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும். “நல்லாருக்குக்கா. ஒரு இருபது செட் வச்சிட்டுப் போங்க, வித்ததும் காசு தர்றேன்.” ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து போனவருக்கு இந்தப் பதிலே பெரிய வெற்றியாகத் தெரியும். கடைக்காரர் எத்தனை சதவீதம் எடுப்பார் என்பதைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். விற்காமல் கிடக்கும் பொருளின் நட்டம் யாருக்கு, எத்தனை நாள் கிடக்கலாம், அதுவரை அதில் முடங்கிய பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர் குறைவு. ஆனால் கைவினைஞரின் பிழைப்பைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விகளே. நாற்பது சதவீதம் கொடுத்துவிட்டும் ஒருவர் நன்றாகப் பிழைக்கலாம். இருபது சதவீதம் மட்டும் கொடுத்துவிட்டு முதலையே இழக்கவும் செய்யலாம்.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் கையில் இருக்கும்போது கடை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இணைய விற்பனைக்கு உள்ள பலத்தை நான் மறுக்கவில்லை. முன்பு இணையச் சந்தைத் தளங்களில் பொருள் விற்க வேண்டுமென்றால் எவ்வளவு சிறிய விற்பனையாளரும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அந்த விதி தளர்ந்தது. விற்பனை வரம்புக்குள் இருப்பவர்கள் சொந்த மாநிலத்துக்குள் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். என்றாலும் நகை என்பது தொட்டுப் பார்த்து வாங்கும் பொருள். ஜிமிக்கியின் கனம் காதுக்குத் தாங்குமா என்பதைப் படம் சொல்லாது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையின் பார்டரில் இருப்பது மயில் கழுத்து நிறமா, ராமர் பச்சையா என்று போன் திரையில் ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, வளையலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உடனே வாங்கிப்போகும் வாடிக்கையாளரை இணையம் கொண்டுவந்து தராது. சுடுமண் நகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூரியரில் உடைந்துபோனால் பொருளும் போச்சு, அனுப்பிய செலவும் போச்சு, வாங்கியவரின் நம்பிக்கையும் போச்சு. வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் ‘விலை என்ன?’ என்ற செய்திகளுக்குப் பதில் எழுதுவதும் ஒரு வேலைதான். அதற்கு யாரும் கூலி கணக்கிடுவதில்லை. ஆகவே உள்ளூர்க் கடை வேண்டியதுதான். எந்த ஏற்பாட்டில் அங்கே பொருளைக் கொடுப்பது என்பதை மட்டும் யோசிக்க வேண்டும்.

கடைக்காரரின் பங்கைப் பற்றி நிலவும் கோபம் பெரும்பாலும் நியாயமற்றது. ‘ராத்திரி கண் விழித்துச் செய்தது நான், சும்மா வைத்து விற்பதற்கு அவருக்கு நூற்றுக்கு நாற்பதா?’ என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனால் கடை சும்மா நிற்பதில்லை. நம் ஊர்களில் கடைக்கு முன்பணமே பல மாத வாடகை அளவுக்குக் கேட்கிறார்கள். அதற்கு மேல் மாத வாடகை, விளக்கு, மின்சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. விற்பனை இல்லாத ஆடி மாதத்திலும் இந்தச் செலவுகள் நிற்பதில்லை. கடைத் தெருவில் நல்ல இடத்தைப் பிடித்து, பத்து வருடம் நாணயமாக நடந்து சேர்த்த வாடிக்கையாளர்களுக்கு முன்னால் உங்கள் பொருளைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. விற்கும் விலையில் 30, 40 சதவீதம் கடைக்குப் போவது இந்தத் தொழிலில் அரிதல்ல. அதைக் கொள்ளை என்று சொல்வதும் சரியல்ல. ஆனால் அந்தப் பங்குக்குள் ஒரு பகுதி, சரக்கு விற்காமல் போனால் வரும் நட்டத்தைத் தாங்குவதற்கான கூலி. ரொக்கம் கொடுத்து வாங்கி வைக்கும் வியாபாரி அந்த நட்டத்தைத் தாங்குகிறார். நாற்பது சதவீதம் அவருக்குத் தகும். சரக்குக்கு ஒரு பைசாகூடப் போடாமல், விற்ற பிறகு மட்டும் கணக்குப் பார்ப்பவரும் அதே நாற்பதை எடுக்கும்போது, தாம் தாங்காத சுமைக்கும் சேர்த்துக் கூலி வாங்குகிறார் என்றாகிறது. பேரம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

இதைக் கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். சுடுமண் ஆரம் ஒன்றையும் அதற்கேற்ற ஜிமிக்கி ஜோடியையும் எடுத்துக்கொள்வோம். களிமண்ணைக் கல், வேர் இல்லாமல் சலித்து, உள்ளே காற்று தங்காதபடி பிசைய வேண்டும். காற்றுக் குமிழும் ஈரமும் உள்ளே தங்கிவிட்டால் சூட்டில் மணி வெடிக்கக்கூடும். ஒவ்வொரு மணியையும் உருட்டி, ஈரம் போகுமுன் ஊசியால் துளை போட வேண்டும். மண் காயும்போது சுருங்கும் என்பதால் துளையை நூலின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாகவே விட வேண்டும். ஜிமிக்கியின் இரண்டு குடையும் ஒரே அளவில் அமைந்தாக வேண்டும். ஒன்று கொஞ்சம் பெரிதானாலும் ஜோடி வீண். பிறகு வெயில் படாத நிழலில் சில நாட்கள் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். காய்ந்ததை மரத்தூள், உமி, வறட்டி போட்டு மூட்டிச் சுட்டு, தானாக ஆறும்வரை காத்திருந்து, வண்ணம் தீட்டி, கோத்து, கொக்கி மாட்டி முடிக்க வேண்டும். காயும் நேரத்தையும் சுடும் நேரத்தையும் விட்டுவிட்டு, கை வேலை மட்டும் ஒரு செட்டுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து செட் சுட்டால் ஒன்று உடையும் என்றும் வைத்துக்கொள்வோம்.

மண், வண்ணம், நூல், கொக்கி, அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து 90 ரூபாய். உடைவதையும் சேர்த்தால் தேறும் செட் ஒன்றுக்கு 100 ரூபாய். சுடுவதற்கும் கடைக்குப் போய்வரும் பஸ்ஸுக்கும் 30 ரூபாய். இனி கூலி. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய்; எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கைத்திறன் எதுவும் கேட்காத வேலைக்கான கூலி அது. அதையே அடிமட்டமாக வைத்தாலும், உடைந்த செட்டுக்குப் போன நேரத்தையும் சேர்த்தால், ஒரு செட்டுக்கான கூலி ஏறத்தாழ 187 ரூபாய். ஆக அடக்கம் 317. கடைக்கு விற்கும் விலையில் நாற்பது சதவீதம் என்றால், செய்தவர் கைக்கு 317 வர அந்த செட் ஏறத்தாழ 530 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ‘பக்கத்துக் கடையில் 400தான்’ என்று பார்த்து இவரும் 400 என்று சீட்டு ஒட்டுகிறார். கைக்கு வருவது 240. அதில் பொருளுக்கும் பஸ்ஸுக்கும் 130 போனால் மிச்சம் 110. மணிக்கு 25 ரூபாய். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விலையைப் போட்டது செய்தவரேதான். தம் உழைப்பை முதலிலேயே கணக்கில் சேர்க்காமல், மிஞ்சியது கூலி என்று வைத்துக்கொண்டதன் விளைவு இது.

சதவீதத்தைப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். ‘நாற்பது’ என்று கடைக்காரர் சொன்னால், விற்கும் விலையில் நாற்பதா, நீங்கள் கொடுக்கும் விலையின் மேல் நாற்பதா? 320 ரூபாய் வேண்டும் என்று கருதுபவர், அதன் மேல் நாற்பது சதவீதம் சேர்த்து 448 என்று விலைச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் 448-இல் நாற்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டு 269 ரூபாயை நீட்டுகிறார். இருவர் மனத்திலும் கள்ளமில்லை, ஆனாலும் செட்டுக்கு 51 ரூபாய் வித்தியாசம், அதனால் ஒரு மனஸ்தாபம். சதவீதத்தையே பேசாமல், ‘செட் ஒன்று விற்றால் என் கையில் 320 ரூபாய் வர வேண்டும்’ என்று தொகையாகப் பேசிவிடுவது நல்லது.

இப்போது அந்த இருபது செட்டுக்கு வருவோம். ஒரு கடையில் இருபது என்றால் ஐந்து கடைகளில் நூறு. ஒரு செட்டுக்குக் கைக்காசாகப் போனது 130 என்றால், நூறு செட்டில் 13,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. உழைப்பையும் சேர்த்தால் 31,700. குழுக் கடனோ நகைக் கடனோ எடுத்து இந்த முதலைப் போட்டவர் மாதாமாதம் வட்டி கட்டுகிறார். அந்த முதலில் உருவான பொருள் ஐந்து கடைகளின் அலமாரிகளை நிரப்பி, கடையை நிறைவாகக் காட்டி, வேறு பொருள் வாங்க வந்தவரையும் இழுத்து நிறுத்துகிறது. வருமானம் குறைந்தவர் வருமானம் கூடியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏற்பாடு இது. விற்றது எத்தனை என்பது கடைக்காரர் சொன்னால்தான் தெரியும். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால், பில் போட்ட உதவியாளர் வேலையை விட்டுப் போயிருப்பார். எட்டு விற்றதா, பதினொன்று விற்றதா என்பதற்குச் சாட்சி இருக்காது. கேட்பது சங்கடமாகி, அடுத்த முறை போகவே கால் தயங்கும். கைவினைத் தொழிலில் இறங்கிப் பாதியில் விட்டவர்களை இந்தத் தயக்கமும் நிறுத்தியிருக்கும்.

பொருள் கடையில் கிடக்கும்போது மதிப்பிழப்பதும் உண்டு. பட்டு நூல் வளையலைப் பத்து பேர் போட்டுப் பார்த்தால் கைபட்ட இடத்தில் நூல் அழுக்கேறிப் பளபளப்பு போய்விடும். வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் நிறம் வெளுக்கும். நவராத்திரிக்கென்று செய்த கொலு பொம்மை சரஸ்வதி பூஜை தாண்டியும் அலமாரியில் நின்றால், அடுத்த புரட்டாசிவரை அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மூன்று மாதம் கழித்து ‘இது போகலைக்கா’ என்று திருப்பிக் கொடுக்கும்போது, கொடுத்த பொருள் திரும்பி வருவதில்லை. அதன் பாதி மதிப்புள்ள ஒன்றுதான் வருகிறது. சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில், பிறர் பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் போய்விட்டால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், அவர் பொறுப்பல்ல என்கிறது. கடையில் திருட்டு நடந்தாலோ மழைத் தண்ணீர் புகுந்தாலோ, கடைக்காரர் உரிய கவனத்தோடு இருந்திருந்தால், நட்டம் பொருளின் சொந்தக்காரருக்கு. வேறு மாதிரி வேண்டுமானால் அதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். 

கைவினைஞருக்குச் சாதகமான இன்னொரு சட்டப் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24ஆம் பிரிவில், ‘விற்பனை அல்லது திருப்பித் தருதல்’ என்ற நிபந்தனையில் கொடுத்த பொருளைப் பற்றிப் பேசுகிறது. திருப்பித் தர ஒரு கெடு வைத்திருந்து, பொருளைப் பெற்றவர் ‘வேண்டாம்’ என்று தெரிவிக்காமல் அந்தக் கெடுவைத் தாண்டியும் வைத்துக்கொண்டால், பொருள் அவருடையதாகிவிடும். அதாவது அவர் வாங்கிவிட்டார் என்று பொருள். கெடு வைக்காவிட்டாலும் நியாயமான காலம் கடந்தால் அதே கதிதான். ஆனால் நியாயமான காலம் எது என்பது வழக்காடித்தான் தெளியும். ஆகவே, ‘விற்பனை அல்லது திருப்பித் தருதல் அடிப்படையில் இருபது செட், 60 நாள் கெடு’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அறுபத்தோராம் நாள் நிலைமை உங்கள் பக்கம். ‘கமிஷனுக்கு விற்றுத் தர’ என்று எழுதினால் கடைக்காரர் உங்கள் முகவர் மட்டுமே. பொருள் உங்களுடையதாகவே இருக்கும், விற்காத சரக்கின் சுமையும் உங்களுடையதே. அதில் கணக்குக் காட்டும் கடமை அவருக்கு உண்டே தவிர, கெடு தாண்டினால் வாங்கியதாகும் என்பது கிடையாது. எதில் கையெழுத்து வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

‘தெரிந்த கடை, அண்ணன் தம்பி மாதிரிப் பழகுகிறோம், அங்கே போய்ச் சீட்டு நீட்டினால் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடாதா?’ என்ற தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் வியாபாரம் முகம் பார்த்து நடப்பது. ஆனால் அதே கடைக்காரர் சோப்பு கம்பெனி சரக்கை இறக்கும்போது பில் இல்லாமல் இறக்குவதில்லை. வளையல் பெட்டி லாரியில் வந்தால் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். அந்த விற்பனைப் பிரதிநிதியைச் சந்தேகப்பட்டா அப்படிச் செய்கிறார்? எழுத்து என்பது மறதிக்கு எதிரான ஏற்பாடு. உறவைக் கெடுப்பது மூன்று மாதம் கழித்து வரும் ‘எட்டா, பதினொன்றா’ என்ற தகராறுதான். சீட்டு நீட்டியதும் முகம் சுளிக்கும் கடையை முதல் நாளிலேயே அடையாளம் கண்டுகொண்டது லாபம் என்றே நான் சொல்வேன். பில் போட ஜிஎஸ்டி எண் வேண்டுமே என்ற பயமும் தேவையில்லை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பெயர், தேதி, பொருள், எண்ணிக்கை, விலை எழுதிய சாதாரண பில்லே போதும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் கடைக்காரர் பக்கமிருந்து வரும். ‘பெயர் தெரியாத பொருளை ரொக்கம் கொடுத்து வாங்கி, விற்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?’ இந்தக் கேள்வி நியாயமானது. புதிய கைவினைஞரிடம் இருபது செட்டை ரொக்கத்துக்கு வாங்கு என்று எந்தச் சிறு கடையையும் வற்புறுத்த முடியாது, கூடாது. ஆனால் இருபதை வைத்துவிட்டுப் போவதற்கும் இருபதை ரொக்கத்துக்குக் கொடுப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. ஆறு செட் மட்டும் ரொக்கத்துக்குக் கொடுக்கலாம்; ஆறு செட்டுக்கு 1,920 ரூபாய், நடக்கிற ஃபேன்சி ஸ்டோருக்கு அது தாங்கக்கூடிய தொகை. கூடவே, ‘ஒரு மாதத்தில் போகாத டிசைனை, அழுக்குப்படாமல் இருந்தால், வேறு டிசைனாக மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லலாம். எனக்கு இதுவே எல்லா ஏற்பாட்டிலும் நல்லதாகப் படுகிறது, ஏனென்றால் சுமை சரியான தோள்களில் ஏறுகிறது. எந்த நிறம், எந்த வடிவம் இந்தத் தெருவில் போகும் என்று தெரியாத ஆபத்தைச் செய்பவர் ஏற்கிறார். திரும்பி வந்ததைப் பிரித்து மணியை வேறு ஆரத்தில் கோக்க அவரால் முடியும். பணம் முடங்கும் ஆபத்தைக் கடை ஏற்கிறது. அதற்குத்தான் அந்த நாற்பது சதவீதம். தம் காசு போட்டு வாங்கிய பொருளைக் கடைக்காரர் எங்கே வைப்பார்? வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில்தான். இலவசமாக வந்த சரக்கு மூலைக்குப் போவதற்கும், ரொக்கம் கொடுத்த சரக்கு முன்வரிசைக்கு வருவதற்கும் காரணம் இதுவே. கடை ரொக்கத்துக்கு இசையவே மாட்டேன் என்றால், கொடுப்பதில் பாதிக்கு இப்போது பணம், பாதிக்கு 60 நாள் என்று கேட்கலாம். அதுவும் இல்லையென்றால், கெடு வைத்த சீட்டோடு கொடுப்பவர் கடையின் பங்கை 25, 30 சதவீதத்துக்கு இறக்கக் கேட்பது நியாயம்.

ரொக்கம் என்றால் அன்றே கையில் பணம் என்று அர்த்தமல்ல. பதினைந்து நாள், ஒரு மாதம் கடன் கேட்பது வியாபார வழக்கம். இங்கே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் துணைக்கு வருகிறது. உத்யம் என்ற பதிவை ஆதார் எண் கொண்டு இணையத்தில் இலவசமாகவே பெறலாம். வீட்டில் நகை செய்பவரும் உற்பத்தியாளராகப் பதியலாம். (காசு கேட்கும் இடைத்தரகர் தளங்கள் பல உலவுகின்றன, அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது.) பதிந்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கியவர், எழுத்தில் வேறு கெடு இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுதிக்கொண்டாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். பணம் வராவிட்டால் இதற்கென்றே அமைந்த மன்றத்தில் முறையிடலாம். நான்காயிரம் ரூபாய்க்காக யாரும் மன்றம் ஏறப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பில்லின் தலையில் உத்யம் எண் அச்சிட்டிருப்பதே பேசும் தொனியை மாற்றும். இந்தச் சட்டம் வாங்கியவரைத்தான் பிடிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்துவிட்டுப் போன பொருளைக் கடைக்காரர் வாங்கவே இல்லை. எனவே அங்கே கெடு ஓடவே தொடங்காது. 

விற்காத சரக்கைச் செய்தவரே சுமக்க வேண்டும் என்பது ஒன்றும் இயற்கை நியதியல்ல. நம் மண்ணிலேயே வேறு ஏற்பாடு நெடுநாளாக நடந்துவருகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் சங்கத்திடம் நூல் வாங்குகிறார், நெய்த துணியை ஒப்படைக்கிறார், கூலி பெறுகிறார். அந்தச் சேலை எந்த ஊரில் எப்போது விற்கும் என்பது அவர் கவலையல்ல. அதைச் சங்கமும், 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு தேங்கியும் நிலுவை ஏறியும் சங்கங்கள் திணறிய காலங்கள் உண்டு. கூலி தாமதித்ததும் உண்டு. ஆனால் அந்தத் திணறல் எதைக் காட்டுகிறது? விற்காத சரக்கின் பாரம் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். முதல் உள்ள அமைப்பின் மேல் இறங்கினால் அது தள்ளாடியாவது நிற்கும், தனி ஒரு பெண்ணின் மேல் இறங்கினால் அவர் தொழிலையே விட்டுவிடுவார். நகையும் சிறு கைவினையும் செய்யும் பெண்களுக்கு நெசவாளருக்கு இருப்பது போன்ற விரிவான சங்க ஏற்பாடு அமையவில்லை. பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இல் வந்தது. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கியது. அதன் குழுக்கள் செய்யும் பொருளுக்கு ‘மதி’ என்ற பெயரும், மாவட்டத் தலைநகரங்களில் ‘பூமாலை’ வளாகங்களும் உண்டு. 2022இல் ரயில் நிலையங்களில் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ கடைகள் வந்தன. இவை விற்க இடம் தருகின்றன, நல்லது. இடத்தோடு நின்றுவிடாமல், வட்டார அளவிலான குழுக் கூட்டமைப்பு ஒரு சிறு நிதியை ஒதுக்கி, உறுப்பினரின் பொருளை ரொக்கத்துக்கு எடுத்து, கடைகளுக்குக் கடனில் கொடுக்கலாம். கடன் கொடுப்பதிலும் வசூலிப்பதிலும் மகளிர் குழுக்களுக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பத்துப் பேரின் பொருளை ஒருவர் கடைக்கு எடுத்துச் சென்றால் பஸ் செலவும் பத்தில் ஒன்றாகும்.

‘இவ்வளவு கணக்குப் பார்த்து 530 ரூபாய் என்று போட்டால் யார் வாங்குவார்? அச்சில் வார்த்த நகை 150-க்குக் கிடைக்கிறதே’ என்பது கடைசி ஆட்சேபம். 150 ரூபாய் நகையோடு விலையில் மோதினால் தோல்விதான், மோதக்கூடாது. 530 ரூபாய்க்குப் போகாத இடத்தில் அந்த ஆரத்தை வைப்பதே தவறு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கும் 80 ரூபாய்த் தோட்டை வைக்கலாம். ஆரத்தைச் சேலை வாங்குமிடத்திலோ பிளவுஸ் தைக்கும் இடத்திலோ வைக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகையைப் பாருங்கள். அந்த வகை நகையை விற்கும் நடன நகைக் கடைகள் மயிலாப்பூரில் இருப்பதற்குக் காரணம், பரத நாட்டியம் ஆடும் பெண் அங்கேதான் வருகிறாள் என்பது. வாங்க வேண்டிய கட்டாயம் உள்ளவர் வரும் கடையில் பொருள் இருந்தது. அதனால் கைவேலைக்கு உரிய விலை நின்றது. சேலைக்கேற்ற நிறத்தில் ஒரே ஒரு செட், இரண்டு வாரத்தில் செய்து தருவது என்பதை அச்சு வார்ப்புக்காரர் தர முடியாது. கடையில் நாலு மாதிரியை மட்டும் வைத்து, மீதியை ஆர்டர் எடுத்துச் செய்தால் தேங்கும் சரக்கே இருக்காது.

செய்பவரும் தம் பக்கத்துக் கடமையைச் செய்தாக வேண்டும். கடையில் 530 என்று சீட்டு ஒட்டிவிட்டு, அதே செட்டை இன்ஸ்டாகிராமில் 380-க்கு விற்பது கடைக்காரருக்குச் செய்யும் துரோகம். வாடிக்கையாளர் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உங்களிடமே வாங்கினால், அந்தக் கடை உங்களுக்காக வாடகை கட்டிய முட்டாளாகிறது. இரண்டாம் முறை உங்களுக்குக் கதவு திறக்காது. எங்கே விற்றாலும் ஒரே விலை என்பதில் உறுதி வேண்டும். கொக்கி கழன்றால் மாற்றிக் கொடுக்க வேண்டும். தொட்டுப் பார்க்க ஒரு மாதிரித் துண்டை இலவசமாகக் கொடுத்துவிட்டால் மற்றவை அழுக்காகாது. தீபாவளிக்கு இருபது நாள் முன்பு ஆர்டர் வாங்கிவிட்டு, ‘வீட்டில் விசேஷம், முடியவில்லை’ என்று சொல்பவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்க எந்த வியாபாரியும் முன்வரமாட்டார். 

நாளை பையில் நகைகளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பவிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நகல் எடுக்கும் சிறு பில் புத்தகம் ஒன்று எந்த ஸ்டேஷனரி கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதையும் பையில் வையுங்கள். இருபது கேட்டால் ஆறு கொடுங்கள். தேதி, எண்ணிக்கை, உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை, திருப்பித் தரும் கெடு, உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்ற ஐந்தையும் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். கையெழுத்து இல்லாமல் ஒரு ஜோடித் தோட்டைக்கூட வைத்துவிட்டு வராதீர்கள்.